சுறா எண்ணெயும் தென்னஞ்சோறும்

இனயத்தில் சுறா ஈரல் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறவள் நான், ஞானசெல்வி. கொல்லம் ஆண்டு 1109. காற்றுத் திரும்பினால் வேதக்கோயிலில் பூசை வைக்கிற சாமியாரே மூக்கைப் பொத்துவார். அப்படியொரு நாற்றம். கோயில் உபதேசியார் சூசை வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"திருநாள் கொடியேத்தத்தன்னைக்கு இந்த நாத்தம் கோயிலுக்கு வந்தா, ஒனக்க கொட்டகையைப் பிரிச்சுப் போடுவோம், பாத்துக்க."

கொட்டகை போனால் என் இரண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஏது? விடுவேனா நான்! மீன்குடலைத் தென்னை மூட்டடி மண்ணில் புதைத்தால் மேலே நாறுவதில்லையே, நாற்றத்தையே புதைத்தால் என்ன என்று தோன்றியது. ஈரல் காய்ச்சுகிற அண்டாவை இறுக மூடி, ஆவி போக மூடியிலிருந்து மூங்கில் குழாயைப் பின்பக்கக் குழிக்குள் இறக்கினேன். குழி நிறையத் தென்னஞ்சோறு. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும்போது உதிருமே, அந்தத் தூள்தான். சாணமும் கலந்து தினமும் நனைத்தேன். முதல் வாரம் நாறியது. மூன்றாம் வாரம் வெறும் ஈரமண் வாசனைதான் வந்தது. உள்ளே எந்தப் புழுபூச்சி நாற்றத்தைத் தின்றதோ, நன்றாயிருக்கட்டும்!

கொடியேற்ற நாள் காலையில் வலையில் சுறா நிறையப் பட்டது. ஈரல் காத்திருக்குமா? அவசரத்தில் குழிப்பக்கம் போகாமலே அடுப்பை மூட்டினேன். கொஞ்ச நேரத்தில் அதே பழைய நாற்றம். ஓடிப்போய்ப் பார்த்தால், குழி நிறையப் பளிச்சென்று கடற்கரை மணல்!

சூசை வந்து நின்றார், பின்னால் பாதி ஊர்.

"ஏட்டி, தீயை அணை!"

அணைத்தேன். "இந்த மணலைப் போட்டது ஆரு?"

"நான்தான் போடச் சொன்னேன். திருநாளுக்குத் தெருவெல்லாம் புதுமணல் விரிக்கது வழக்கம்லா? ஒனக்க குப்பைக்குழியையும் சுத்தம் பண்ணியாச்சு." பெருமை வேறு!

"நாத்தத்தைத் தின்ன சாதனத்தை அள்ளிக் களஞ்சுட்டு, எனக்க அடுப்பை அணைக்கச் சொல்லுதீரா?"

கூட்டம் சிரித்தது. நானோ அள்ளிப்போன தென்னஞ்சோற்றைத் தேடி ஓடினேன். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் கொட்டிய சோறு நல்லவேளை ஈரமாகவே கிடந்தது. "களஞ்சவங்களே சுமக்கணும்" என்று வழிமறித்து நின்றேன். ஊரே சிரிக்க, முதல் கூடை சூசையின் தலையில் ஏறியது. கறுப்புத் தண்ணீர் வடிந்து அவருடைய திருநாள் சட்டை பாழாய்ப் போயிற்று.

குழியை நிரப்பி மறுபடி அடுப்பை மூட்டினேன். ஆவி ஏறியதும் சூசை குனிந்து குழிமேல் மூக்கை வைத்தார். வைத்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஈரமண் வாசனையை இழுத்து இழுத்து மோந்துகொண்டிருந்தார்.

"என்ன உபதேசியாரே, கொட்டகையைப் பிரிக்கவா?"

"ஒனக்க வாயி இருக்கே!" என்று எழுந்தவர், கூட்டத்தைப் பார்த்து அதட்டினார். "இந்தக் குழியில இனி எவனாவது கை வச்சா கோயில் பக்கம் வரப்பிடாது, கேட்டியளா?"