பதில் சொல்லாதவர்கள்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அக்காவின் உதட்டருகே தண்ணீரில் நனைத்த பஞ்சை அவன் கொண்டுபோனதும் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உன் கையால வேண்டாம்."

அவள் மகள் எழுந்து வந்து பஞ்சை வாங்கிக்கொண்டாள். "நகருங்க, மாமா."

அவன் ஜன்னலோரம் போய் நின்றான். வகுப்பிலிருந்து நேராக வந்திருந்தான். சட்டைக் கையில் மார்க்கர் மை காயவில்லை. அக்காவும் அவனும் ஒரே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள். அவள் அரசியல் அறிவியல், அவன் புள்ளியியல். தேர்தல் கருத்துக்கணிப்புகளை வைத்துத் தரவுப் பகுப்பாய்வு கற்றுத்தரும் பாடத்தை அவள்தான் தொடங்கினாள். மாணவர்களைத் தூண்டிவிடுகிறாள் என்று மேலிடத்திலிருந்து பேச்சு வந்தது. துறைத்தலைவர் குழுவைக் கூட்டினார். தம்பி தன் பக்கம் பேசுவான் என்று அவள் நம்பியிருந்தாள். அவனோ, அரசியல் எதற்கு, கணக்கு போதும், நானே நடத்துகிறேன் என்றான். அதன்பின் அக்கா அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"இன்னிக்கு என்ன நடத்தின?" சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

அவள் மாணவர்களை வைத்து வீடுவீடாக எடுத்த தேர்தல் கணிப்பு என்றான்.

"பதில் சொல்லாதவங்கள என்ன பண்ணின?"

நீக்கிவிட்டோம், எல்லோரும் செய்வதுதானே என்றான்.

"அதுல ஒரு தெருவே வாயத் திறக்கல. எதுக்குப் பயந்தாங்கன்னு ஒரு பிள்ளையாவது கேட்டுச்சா?"

"கேக்கல."

"கேக்காம பாத்துக்கத்தானே உன்னை அங்க உக்கார வெச்சாங்க."

எந்த மருந்துக்கும் அந்த நாக்கு மழுங்கவில்லை. அவனுக்குச் சுருக்கென்றது.

"சாகப்போற நேரத்துலயும் உன் வாய் அடங்காதா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. மகள் கதவைத் திறந்து, அவன் வெளியே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் அவன் நடைவழி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அக்கா போய்விட்டாள். நர்ஸ்தான் வந்து சொன்னாள்.

மறுநாள் அக்கா வீட்டு வாசலில் துறைத்தலைவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் அக்காவின் பாடத்தை நீங்கள்தான் காப்பாற்றினீர்கள் என்றார். அவன் தலையாட்டினான். ஆட்டிய பிறகுதான், பின்னால் மகள் நிற்பதைக் கண்டான்.

அக்காவைக் கிடத்திய பெட்டியை வண்டியில் ஏற்றியதும் அவனும் ஏறப்போனான். மகள் தன் கைப்பையை எடுத்துக் காலியாக இருந்த இருக்கையில் வைத்தாள்.

"இடமில்ல, மாமா."

வண்டி நகர்ந்தது. அவன் பின்னாலேயே நடந்தான். பிறகு ஓட்டமும் நடையுமாகப் போனான். தெருமுனை சிக்னலில் சிவப்பு விழுந்து வண்டி நின்றபோது எட்டிப்பிடித்துவிட்டான். மூச்சிரைக்கப் பின்கண்ணாடியில் கையை ஊன்றினான். உள்ளே மகள், பெட்டி ஆடாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். கதவைத் திறக்கவில்லை.

பச்சை விழுந்தது. கண்ணாடித் தூசியில் பதிந்த ஐந்து விரல்களோடு வண்டி வளைவில் திரும்பியது. பின்னாலிருந்த கார்க்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.