பதினெட்டு நாள் வருகை

மழைக்குப் பள்ளிக்கூடம் மூடினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சாலோமி டீச்சருக்கு மட்டும் கவலை பிடித்துக்கொண்டது. தொண்ணூற்றிரண்டில் தாமிரபரணி கரைமீறி வந்தபோது, சேரன்மகாதேவிப் பக்கத்தில் அவள் கணக்கு நடத்திய பள்ளியில் வீடிழந்தவர்களைத் தங்கவைத்தார்கள். திரும்ப எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

டீச்சரின் கவலையெல்லாம் பத்தாம் வகுப்பு உலகம்மாளைப் பற்றித்தான். கணக்கில் புலி. அவளை வள்ளியூரில் இருக்கும் தாய்மாமனுக்குக் கட்டிவைக்க ஆடியிலிருந்தே பேச்சு நடந்தது. டீச்சர் வீடு தேடிப் போய் மன்றாடியதற்கு அவள் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"பள்ளிக்கூடம் நடக்குத வரைக்கும் வருவா டீச்சர். நடக்கலைன்னா வயசுப் பிள்ளைய சும்மா வீட்டுல வச்சிருக்க முடியாது."

அப்படியானால் நடத்திவிட வேண்டியதுதான். வெள்ளத்தில் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஓடவில்லை. ஆனால் கணவர் அப்பாத்துரைக்குத் தொலைபேசி இலாகாவில் வேலை என்பதால் பாளையங்கோட்டை வீட்டில் போன் இருந்தது. பிள்ளைகளின் ஊரில் காஜா முகைதீன் அண்ணாச்சியின் எஸ்.டி.டி. பூத் மேட்டில் இருந்ததால் தப்பித்திருந்தது. மாலை நான்கு மணிக்கு உலகம்மாளும் அவளுடன் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் அங்கே வந்துவிட வேண்டும். டீச்சர் கூப்பிட்டுச் சொல்வதைப் பாக்கியவதி ரிசீவரில் கேட்டு உரக்கச் சொல்வாள். டார்லினும் உலகம்மாளும் எழுதிக்கொள்வார்கள்.

போனில் நடந்தாலும் வகுப்பு வகுப்புதானே. முதலில் வருகைப் பதிவு. ஒவ்வொருத்தியும் ரிசீவரை வாங்கி "உள்ளேன் டீச்சர்" என்று சொன்ன பிறகே பாடம். மழை இரைச்சலிலும் லைன் கரகரப்பிலும் எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் கேட்டது. ஆனாலும் டீச்சர் ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்துவந்தாள்.

ஒருநாள் வட்டம் பற்றிய பாடத்தில் ஒரு கடினமான தேற்றத்தை உலகம்மாளிடம் கேட்டாள். கொஞ்சம் தயங்கினாலும் பிசகில்லாமல் பதில் வந்தது. அன்றைக்குத்தான் டீச்சருக்குச் சோறு இறங்கியது. பஸ் ஓடத் தொடங்கிய பிறகாவது ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். பிள்ளைதான் தினமும் பேசுகிறாளே என்று இருந்துவிட்டாள்.

பத்தொன்பதாம் நாள் பள்ளி திறந்தது. உலகம்மாள் வரவில்லை. டீச்சர் கேட்டதும் பாக்கியவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளை மூணாம் நாளே வள்ளியூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ டீச்சர். பத்து நாள் கழிச்சுக் கல்யாணம் முடிஞ்சுது."

டீச்சர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பத்து நாள் இருந்திருக்கிறது. தாசில்தார் காலில் விழுந்தாவது நிறுத்தியிருப்பாளே.

"அப்பம் உள்ளேன் டீச்சர்னு சொன்னது யாருட்டி?"

"ஒரு நாள் நான், ஒரு நாள் டார்லின்."

"தேற்றம் சொன்னது?"

"டார்லின்தான் டீச்சர்."

வகுப்பில் மூன்று வருஷமாக ஒரு கேள்விக்கும் வாய் திறக்காத டார்லின். இது தேறாது என்று டீச்சர் என்றைக்கோ கைகழுவிவிட்ட பிள்ளை. டீச்சருக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாட்டி? படுபாவிகளா, அவ வாழ்க்கையே போச்சே."

பாக்கியவதி அழுதுகொண்டு நின்றாள். டார்லின்தான் பைய வாயைத் திறந்தாள்.

"தப்புதான் டீச்சர். சொல்லணும்னுதான் இருந்தோம். நீங்க அவளுக்காகத்தானே போன் பண்ணுனீங்க. அவ இல்லைன்னு தெரிஞ்சா நிறுத்திருவீங்கன்னு பயமா இருந்துச்சு. நாங்களும் பாஸாகணும்லா டீச்சர்."

நிறுத்தியிருக்க மாட்டேன் என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தாள். பொய் சொல்ல வரவில்லை. இரண்டு பிள்ளைகளும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.