கண்ணை மூடிப் போடும் சண்டை

எல் ஆல்ட்டோ மலைநகரத்தில் ஞாயிற்றுக்கிழமை மல்யுத்தத்துக்குக் கூட்டம் வருவதே பசிலியாவின் பாய்ச்சலைப் பார்க்கத்தான். அடுக்குப் பாவாடையும் இரட்டைச் சடையும் பறக்க, மேடையின் மேல் கயிற்றில் ஏறி நின்று, கீழே நிற்கும் எதிராளி நிக்கோலாசாவின்மேல் பாய்வாள். வயது ஐம்பத்தொன்று. பாய்ச்சல் போய்விட்டால் தன்னை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது என்று அவளுக்கே தெரியும்.

ஒத்திகைக்கு மேடை கிடைக்காது. வாரம் முழுக்க அந்த அரங்கில் பையன்கள் கூடைப்பந்து ஆடுவார்கள். அதனால் இருவரும் உடை மாற்றும் அறைப் பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து, கைகோத்து, கண்ணை மூடி, முழுச் சண்டையையும் மனசுக்குள்ளேயே போடுவார்கள். ஒவ்வொரு பிடிக்கும் உருளலுக்கும் ஒரு கையழுத்தம். பாய்ச்சல் முடிந்ததும் கையை விட வேண்டும். பத்து வருடமாக இருவர் கையும் ஒரே நேரத்தில்தான் பிரிந்தன. நிக்கோலாசாவின் மகளுடைய ஞானஸ்நானத்தில் பசிலியா ஞானத்தாயாக நின்றதே அந்த நெருக்கத்தில்தான்.

முதலாளி செவேரோவுக்கு மூளை கொஞ்சம், வாய் அதிகம். எங்கோ எதையோ கேட்டுவிட்டு வந்து நின்றான்.

"ஆம்பளைக்கு அறுபதுலயும் மனசுல சண்டை ஓடும். பொம்பளைக்கு அம்பதோட படம் நின்னுரும் பசிலியா. டிவில டாக்டரே சொன்னான்."

"அப்ப இலாரியோன்?"

ஐம்பத்தெட்டு வயது மல்யுத்தக்காரன் இலாரியோன் மூலையில் வாயைப் பிளந்து, கண்ணை மூடிக் கிடந்தான்.

"அவன் சண்டைய ஓட்டிப் பாக்குறான்."

"கொறட்டை விட்டுக்கிட்டா?"

சுற்றியிருந்த மல்யுத்தப் பெண்கள் சிரித்தார்கள். செவேரோவுக்குச் சுருக்கென்றது. எல்லார் முன்னாலும் இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்தான். யாருக்குச் சண்டை முதலில் முடிகிறதோ, இனிப் பாய்ச்சல் அவளுக்கு.

பசிலியா பயப்படவில்லை. நிக்கோலாசா தன்னோடு சேர்ந்துதானே கையை விடுவாள் என்று கண்ணை மூடினாள். மனசுக்குள் இரண்டாவது கயிற்றில் கால் வைத்து, முழங்கால் வலியைக்கூட உணர்ந்துகொண்டிருந்தபோது, கைகள் வெறுமையாயின. கண்ணைத் திறந்தாள். நிக்கோலாசா செவேரோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டாள். அன்றைக்குப் பசிலியாவுக்கு ஒரு வாய் சூப்புகூட இறங்கவில்லை.

ஞாயிறு வந்தது. இனிக் கீழே நின்று தாங்க வேண்டியவள் பசிலியா. நிக்கோலாசா பெஞ்சில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"கை குடுங்கக்கா. ஒரு வாட்டி ஓட்டிப் பாத்துருவோம்."

"உனக்குத்தான் என்னைவிட வேகமா ஓடுதே. தனியா ஓட்டு."

நிக்கோலாசா இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "எனக்கு ஓடாதுக்கா. கண்ண மூடினா வெறும் இருட்டுதான். எப்பவுமே அப்படித்தான்."

"அப்ப இந்தப் பத்து வருஷம்?"

"நீங்க அழுத்தினா நானும் அழுத்துவேன். நான் கண்ண மூடினதே இல்லக்கா. உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். முடியப்போவுதுன்னு அதுலயே தெரிஞ்சிரும். அன்னிக்கு எல்லாரும் பாத்தாங்களேன்னுதான் மூடினேன். ஒண்ணும் தெரியல. பாய்ச்சல் எனக்கு வேணும்னு ஆசை, சும்மா கையை எடுத்துட்டேன்."

பாய்ச்சல் போனதைவிட இதுதான் பசிலியாவுக்குப் பெரிய அடி. எதிரில் ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பி, இத்தனை காலமும் தன்னந்தனியாகச் சண்டை போட்டிருக்கிறாள்.

"எப்பக் குதிக்கணும்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? புடிச்சுக்குவீங்கல்ல?"

மணி அடித்துவிட்டது.

மேல் கயிற்றில் நின்ற நிக்கோலாசா பசிலியாவின் முகத்தையே பார்த்தாள். பசிலியா முகத்தில் எதையும் காட்டவில்லை. கூட்டம் பொறுமையிழந்து கத்தியது. நிக்கோலாசா குருட்டாம்போக்கில் குதித்தாள். இடமும் தப்பு, நேரமும் தப்பு. பசிலியா பாய்ந்து வந்து மார்பில் தாங்கி, அவளோடு சேர்ந்து மல்லாக்க விழுந்தாள்.

"நிக்கோலாசா! நிக்கோலாசா!" என்று அரங்கமே அதிர்ந்தது.

மேலே கிடந்தவள் காதோரம் அழுதாள். "அக்கா..."

"எந்திரி. நான் இப்பக் கண்ண மூடித் தோத்துக் கெடக்கணும். என் மூஞ்சிய மட்டும் பாக்காத."