ஏழாம் தொட்டிலின் முறை

குழந்தைகள் அழுவதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவள் நான். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலை, பன்னிரண்டு வருஷம். வெள்ளைக் கோட்டைக் கண்டாலே பிள்ளைகள் வீல் என்று கத்தி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அதனால் வெளிநாட்டு அநாதை இல்லம் ஒன்றின் கைக்குழந்தைகள் அறைக்குள் முதல் நாள் நுழைந்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது. பதினோரு தொட்டில்கள், பதினோரு குழந்தைகள், எல்லாமே விழித்திருந்தன. ஒரு சத்தம் இல்லை.

"என்ன சமத்துங்க!" என்றேன் மேட்ரனிடம். அவர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர்தான், இருபது வருஷத்துக்கு முன்னால் வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்.

"வரிசையை மட்டும் மாத்தாதீங்கம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் அங்கே போனது சேவை மனப்பான்மையால் ஒன்றும் இல்லை. கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியும் நான் அழவில்லை. அழக்கூடாது என்ற வைராக்கியம் எல்லாம் கிடையாது; வரவில்லை, அவ்வளவுதான். துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்து அவர்களே சங்கடப்பட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அக்காதான் பொறுக்க முடியாமல், "கடல் தாண்டிப் போய்ப் பெத்தவங்க இல்லாத பிள்ளைங்களோட கொஞ்ச நாள் இருந்துட்டு வாடி, மனசு இளகும்" என்று விண்ணப்பம் போட்டாள். என் மனசு இளகுவதற்கு யாரோ பெற்ற பிள்ளைகளா மருந்து என்று கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கும் அலுப்பாக இருந்தது. ஆறு வாரம் லீவு போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

அந்த அறைக்கு ஒரு வேளைக்கு ஆயாக்கள் இரண்டே பேர். ஒன்றாம் தொட்டிலில் ஆரம்பித்துப் பதினொன்று வரை வரிசையாகத்தான் போவார்கள். துணியை மாற்றுவார்கள், சுருட்டிய துண்டின் மேல் பால் பாட்டிலைச் சாய்த்து வாயில் வைப்பார்கள், அடுத்த தொட்டிலுக்குப் போவார்கள். ஒரு சுற்று முடிய ஒன்றரை மணி நேரம். நடுவில் எது நனைந்தாலும், எதற்குப் பசித்தாலும், அதன் முறை வரும்வரை யாரும் தொட மாட்டார்கள். குழந்தைகளுக்கும் அது தெரிந்திருந்தது.

ஏழாம் தொட்டிலில் ஒன்பது மாதப் பையன். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, தீர்ப்பை ஒத்திவைத்த முகத்தோடு கூரையையே பார்த்துக்கொண்டிருப்பான். ஜட்ஜ் என்று பெயர் வைத்தேன். ஒரு நாள், ஆயாக்கள் மூன்றாம் தொட்டிலில் இருந்தபோது, அவனிடமிருந்து சின்னதாய் ஒரு முனகல் வந்தது. ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். மறுநாள் இரண்டு முறை முனகினான், இரண்டு முறையும் தூக்கினேன். மூன்றாம் வாரம் தொண்டை திறந்து அழ ஆரம்பித்தான். நான் கதவைத் திறந்தாலே கைகாலை உதைத்துக்கொண்டு துள்ளுவான். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த எட்டு மாதத்தில் எனக்குள் ஏதாவது தோன்றியது என்றால் அது ஒன்றுதான்.

நான்காம் வாரக் கடைசியில் மேட்ரன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எப்பம்மா கிளம்பறீங்க?"

"இன்னும் ரெண்டு வாரத்துல."

"அப்புறம் அவன் அழுதா யார் வருவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "ஆயாங்க ரெண்டு பேரு, பிள்ளைங்க பதினொண்ணு. போன வருஷம் ஒரு காலேஜ் பொண்ணு வந்தா. உங்கள மாதிரியே தங்கமான மனசு. அவ போனப்புறம் ரெண்டாம் தொட்டில் பிள்ளை ஒன்பது நாள் கதறுச்சு, பாட்டிலைத் தொடல. நீங்கள்லாம் கையசைச்சுட்டு விமானம் ஏறிடறீங்க. அந்த அழுகையக் கேக்கறது நாங்கதான்."

"நான் அவனைத் தத்து எடுத்துக்கிட்டா?"

"தனியா இருக்கிற பொம்பளைக்கு, அதுவும் வெளிநாட்டுக்காரிக்கு, இங்க சட்டத்துல இடமில்ல. நீங்க கேக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். எல்லாரும் கேக்கறாங்க."

"அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?"

"நீங்க பழக்கினதை நீங்களே மறக்கடிச்சிட்டுப் போங்க. அழுதா போகாதீங்க. முறை வர்றப்ப மட்டும் போங்க."

செய்தேன். லேபில் பழகிய கை, சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்துவிடும். முதல் நாள் நான் நாலாம் தொட்டிலில் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தான். கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தாறு நிமிடம் ஓயவில்லை. தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தே அழுதான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஆயா ஒருத்தி என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். நாலாம் நாள் பதினைந்து நிமிடம். ஒரு வாரத்தில் நாலு நிமிடம். அக்கா போனில், "மனசு கொஞ்சம் இளகுச்சாடி?" என்று கேட்டாள். "ஆமாக்கா" என்றேன். உண்மையைச் சொன்னால் அவள் அழுவாள், அதையும் நான்தான் கேட்க வேண்டும்.

கிளம்பும் நாள் காலையில் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு அறைக்குப் போனேன். கதவு சத்தம் கேட்டும் ஜட்ஜ் திரும்பவில்லை. விழித்துத்தான் இருந்தான். துணி நனைந்து படுக்கை வரை ஈரம். ஆயாக்கள் அப்போதுதான் ஒன்றாம் தொட்டிலுக்கு வந்திருந்தார்கள். அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பார்வையைக் கூரைக்கு மாற்றிக்கொண்டான்.

"நல்லபடியா பழகிட்டான்மா" என்றார் மேட்ரன், பின்னால் வந்து நின்று. "இனிமே கஷ்டப்பட மாட்டான்." மனசார நன்றி சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அழுடா" என்றேன் அவன் காதருகில். "ஒரே ஒரு தடவை அழுடா, தூக்கிக்கறேன்."

வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவன் முறை வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஈரத்தில் அசையாமல் படுத்தபடி, ஆயாக்கள் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.