சட்டைக்கு முன்னால் ஒரு சுவர்

கலவை இயந்திரத்துக்குள் அவள் எட்டிப் பார்த்தாள். சீராகப் பரவ வேண்டிய இரும்பு இழைகளெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கான்கிரீட்டுக்குள் முள்ளம்பன்றிக் குட்டிகளாக உருண்டுகொண்டிருந்தன.

"மூட்டையோட கவுத்துட்டியாடா?"

"தூவித் தூவிக் கை விட்டுப்போச்சுக்கா. எப்படியும் உள்ளதானே போகப்போகுது," என்றான் தம்பி.

அவள் கட்டடப் பொறியாளர். வெடிமருந்து ஆலைக்கு ஒரு சுவர் கேட்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மருந்து அரைப்பார்கள்; இந்தப் பக்கம் அவள் கணவன் உட்கார்ந்து எடை போடுவான். வெடித்தால் சுவர் விரிசல் விடலாம், சிதறக் கூடாது; அதற்குத்தான் இழைகள். முதலில் அதே கலவையில் ஒரு பலகை வார்த்து வெடிவைத்துக் காட்ட வேண்டும்; அந்தச் சோதனைப் பலகை தோற்றால் மேலாளர் பழையபடி செங்கல்லுக்கே போய்விடுவார். செங்கல்மேல் அவருக்குத் தாய்ப்பாசம்.

கலவை முழுவதையும் வெளியே கொட்டச் சொன்னாள். மிச்சமிருந்த சிமெண்டில் பாதித் தடிமனுக்குத்தான் பலகை வார்க்க முடிந்தது. இந்த முறை இழைகளை அவளே தூவினாள், தூங்குகிற குழந்தைமேல் பூத் தூவுவதுபோல.

சோதனை நாளில், பலகைக்குப் பின்னால் ஒரு கழியில் கணவனின் சட்டையை மாட்டினாள். கான்கிரீட் சில் தெறித்தால் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

"யாரைக் கேட்டு என் சட்டைய எடுத்த?"

"உள்ள நீங்க இல்லையேன்னு சந்தோஷப்படுங்க."

"என்னம்மா, சுவரு இவ்வளவு ஒல்லியா இருக்கு?" என்றார் மேலாளர்.

"ஒல்லிதான் சார், பிடிவாதம் ஜாஸ்தி," என்றான் கணவன். "எங்க வீட்டுல எல்லாமே அப்படித்தான்."

பலகைக்கு முன்னால் வெடியை வைத்துவிட்டு, மண்மேட்டுக்குப் பின்னால் பதுங்கினார்கள். சத்தம் முதலில் வயிற்றில் கேட்டது, பிறகுதான் காதில். பலகை மூச்சிழுத்த நெஞ்சுபோல் மெல்ல உப்பியது. அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. பிறகு உலகம் வெள்ளையானது. புழுதிக்குள் அவள் நடந்தாள். தரை இருந்ததா என்று நினைவில்லை.

பலகையெங்கும் விரிசல். ஒவ்வொரு விரிசலின் இரு கரைகளையும் இழைகள் விடாமல் பிடித்திருந்தன, சண்டை முடிந்தும் கோர்த்த விரலை எடுக்காத புருஷன் பெண்டாட்டியைப்போல.

மேலாளர் சட்டையை வெளிச்சத்தில் விரித்தார். "ஓட்டை இருக்கே!"

அவள் சட்டையை எட்டிப் பிடித்தாள்.

"அது கக்கத்துக் கிழிசல் சார்," என்றான் கணவன். "ரொம்ப நாளா தைக்கச் சொல்றேன்."

"உங்களுக்கும் கை இருக்குல்ல?" என்றாள்.

மேலாளர் பெருமூச்சோடு செங்கல்லுக்கு விடைகொடுத்தார். "முழுத் தடிமன்லயே கட்டிரும்மா."

கணவன் புழுதியேறிய சட்டையை மாட்டிக்கொண்டு, மேகத்தில் செய்த ஆள்போல நின்றான். அவள் தூசி தட்டுகிற சாக்கில் அவன் முதுகு முழுவதையும் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.