ட்ரெவர் மாட்டிய கூலர்

ரோலண்ட் நோவாக்கின் கணினி, ஆன்லைன் துப்பாக்கி ஆட்டத்தின் அரையிறுதியில் உயிரை விட்டது. எதிரணியில் ஒரே ஒருவன் மிச்சம். அவன் ஒரு லாரிக்குப் பின்னால் பதுங்கியிருந்தான். ரோலண்டின் துப்பாக்கி அவன் மண்டையைக் குறி பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் திரை கறுத்தது. மேசைக்கடியில் தலைமுடி உலர்த்தும் கருவியைப் போல ஊளையிட்டுக்கொண்டிருந்த பெட்டி, ஒரு விக்கலோடு அடங்கியது. மற்ற நால்வரும் தட்டுத்தடுமாறி ஜெயித்துவிட்டார்கள் என்பது ரோலண்டுக்கு ஆறுதலாக இல்லை.

அணித் தலைவி கீரா, சூ ஃபால்ஸில் ஒரு கால்நடை மருத்துவமனையில் நர்ஸ். நாள் முழுக்க நாய்களை அமுக்கிப் பிடிக்கிறவள். அதனால் பேச்சும் சுருக்கமாகத்தான் இருக்கும். ஃபோனில் கூப்பிட்டாள்.

"ரோலண்ட், சனிக்கிழமை ஃபைனல். அன்னிக்கும் உன் மெஷின் படுத்துச்சுன்னா, உன் இடத்துல என் சித்தி பையன் உக்காருவான்."

"இனிமே படுக்காது கீரா."

"போன தடவையும் இதத்தான் சொன்ன."

ரோலண்டுக்கு முப்பத்தெட்டு வயது. ஒமாஹாவில் ஒரு லாரி இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. அங்கே மேலாளர் அவனை இன்றுவரை 'ரொனால்ட்' என்றுதான் கூப்பிடுகிறார், அவனும் திரும்பிப் பார்க்கிறான். அவன் பெயரைச் சரியாகச் சொல்லி, அவனை எதிர்பார்த்து நாலு பேர் காத்திருக்கும் இடம் அந்த அணி ஒன்றுதான். அந்த நாற்காலியும் போனால் அவனுக்கு மிஞ்சுவது லாரிகள்.

மனைவி டெனிஸிடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தொண்ணூத்தெட்டு டிகிரி போகுது டெனிஸ்."

"தொண்ணூத்தெட்டா? அது நம்ம உடம்புச் சூடு. காய்ச்சல்கூட இல்லையே."

"செல்சியஸ்ல சொல்றேன்."

"எப்போலேர்ந்து நீ செல்சியஸ்ல பேச ஆரம்பிச்ச?"

நியாயமான கேள்விதான். வெயிலையும் அடுப்பையும் குழந்தையின் ஜுரத்தையும் ஃபாரன்ஹீட்டில் சொல்கிற எங்கள் ஊர் ஆண்கள், கணினியின் மூளையான ப்ராசசரைப் பற்றிப் பேசும்போது மட்டும் செல்சியஸுக்குத் தாவிவிடுவார்கள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்குவது மாதிரி ஒரு நினைப்பு.

புதன்கிழமை ரோலண்ட் ஆலோசனை கேட்கப் போனான். ஒமாஹா வெப்பவியல் வட்டம் புதன்தோறும் ஒரு கோழி இறக்கைக் கடையில் கூடும். வட்டம் என்றால் ஏழெட்டு ஆண்கள். பெரும்பாலும் தாடி. எல்லாருடைய கணினிகளும் ஏற்கெனவே குளிர்ந்துதான் இருந்தன. அதை இன்னும் இரண்டு டிகிரி குளிரவைப்பதற்காக அவர்கள் வாழ்ந்தார்கள். ப்ராசசருக்கும் அதன் சூட்டை இழுக்கிற கூலருக்கும் நடுவில் பூசுகிற பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைப்பதா, பெருக்கல் குறி போடுவதா, கத்தியால் தடவுவதா என்பதில் வட்டத்துக்குள் மூன்று மதங்கள் இருந்தன. பெருக்கல் குறிக்காரர் ஒருவர் தன் மகள் திருமணத்துக்குப் பட்டாணிக்காரர்களை அழைக்கவில்லை.

வட்டத்தின் தலைவர் ட்ரெவர் ஹால்பெர்க். பிழைப்புக்கு வீட்டுக் கூரைகளுக்கு மழைநீர்த் தகரம் விற்கிறவர். பெயர் அட்டையில் 'முதன்மை வெப்ப ஆலோசகர்' என்று அச்சடித்திருந்தார். நியமித்தது யார் என்று கேட்டவர் எவருமில்லை. கேட்டவர்கள் யாராவது இருந்திருந்தால் அடுத்த புதன் அவர்களுக்கு நாற்காலி இருந்திருக்காது.

ரோலண்ட் தன் குறையைச் சொல்லி முடிக்கும்வரை ட்ரெவர் ஒரு இறக்கையை எலும்புவரை உறிஞ்சினார். பிறகு ஒவ்வொரு விரலாக வாய்க்குள் விட்டு, சப்பி, 'ப்ளக்' என்று வெளியே எடுத்தார். கட்டைவிரலைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்.

மெர்ல் என்கிற சாதுவான மனிதர்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்ன ப்ராசசர்? எவ்வளவு சூடு கக்கும்? பெட்டிக்குள்ள உயரம் எவ்வளவு இருக்கு? இருந்தா ஒரு பெரிய காத்துக் கூலர் போதும் ரோலண்ட். தகடு அடுக்கு, ரெண்டு ஃபேன். சத்தமும் வராது, ஒழுகவும் ஒழுகாது."

"மெர்ல்," என்றார் ட்ரெவர், பரிதாபமாக. "நீ வேலைக்குக் கார்ல வர்றியா, குதிரை வண்டியிலயா?"

மேசை சிரித்தது. மெர்ல் தன் செலரித் தண்டை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன்," என்றார் ட்ரெவர். "உன் பெட்டியில உள்ள இருக்கிறது தெரியுற கண்ணாடிக் கதவு எந்தப் பக்கம் ப்ரோ?"

"இடது பக்கம்."

"அப்போ தண்ணிக் கூலர்தான். மூணு ஃபேன். நடுவுல வட்டமா ஒரு குட்டித் திரை. காத்துக் கூலரைக் கண்ணாடிக்குள்ள வச்சா, நகைக் கடையில ரேடியேட்டர் வச்ச மாதிரி இருக்கும்."

சூட்டுக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று ரோலண்டுக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் முதன்மை ஆலோசகர் மேசையைத் தாண்டிக் கையை நீட்டிவிட்டார். அந்த ஈரமான கையைக் குலுக்கினான்.

மறுநாள் வேலை முடிந்ததும் ட்ரெவர் வீட்டுக்கே வந்தார், இரண்டு சீடர்களோடு. ஒரு சீடர் கையில் கூலர். இன்னொருவர் கையில் கேமரா. வட்டத்துக்காகப் படம் பிடிப்பது வழக்கம். கருப்பு ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு, கைகளை முழங்கைவரை உயர்த்திப் பிடித்தபடி ட்ரெவர் நிலவறைப் படியில் இறங்கினார். டெனிஸ் விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள்.

கண்ணாடிக் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது மாம்பழ வாசனை. ரோலண்ட் விளையாடும்போது இடைவிடாமல் இழுக்கிற மின்சிகரெட்டின் வாசனை. அந்தப் புகை நாலு வருஷமாக உள்ளே போய், குளிர்ந்து, பாகாக மாறியிருந்தது. பாகில் பூனை முடி. பூனை முடியில் சீஸ் சிப்ஸின் ஆரஞ்சுத் தூள். பழைய கூலரின் தகடுகளுக்கு நடுவே எல்லாம் சேர்ந்து இறுகி, ஈரக் கம்பளம் மாதிரி ஒரு வஸ்து. ஃபேன் இறக்கைகளின் விளிம்பில் கறுப்புச் சொட்டுகள் தொங்கின. ஒன்றில் ஒரு விட்டில் பூச்சி கால்களை மேலே தூக்கியபடி ஒட்டியிருந்தது.

டெனிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இதக் கழுவினா போதாதா? இதுக்குள்ள காத்து எப்படிப் போகும்?"

ட்ரெவர் திரும்பவில்லை. "மேடம், நான் வெப்பம் பாக்கிறவன். குப்பை பாக்கிறவன் இல்ல."

"குப்பை இருந்தா வெப்பம் வராதா?"

"அது வேற துறை."

பழைய கூலரைக் கழற்றி நீட்டினார். ரோலண்ட் வாங்கினான், அது அவன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. டெனிஸ் இரண்டு குப்பைப் பைகளில் போட்டுக் கட்டி, தூக்காமல் காலாலேயே தள்ளிக்கொண்டு போனாள்.

பிறகு சடங்கு. சீடர் கேமராவை அருகே கொண்டுவந்தார். ட்ரெவர் பேஸ்ட் குழாயை எடுத்து, கூலரின் அடித்தட்டில் ஒரு சுருள் கோலம் போட்டார். பட்டாணியும் இல்லை, பெருக்கலும் இல்லை. இது 'ஹால்பெர்க் சுழல்' என்று கேமராவுக்கு விளக்கினார். கவிழ்த்து வைத்து, மூலைக்கு மூலை திருகினார். திருகுக்கு ஒரு மூச்சு. ஃபேன்கள் ஏழு நிறத்தில் மின்னின. நடுவிலிருந்த குட்டித் திரையில் வட்டத்தின் சின்னம் சுழன்றது: தீயை மிதிக்கும் ஒரு கழுகு.

காளான் சூப் ஊற்றி, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கிச் சுட்ட டேட்டர் டாட் கேசரோலை டெனிஸ் சூடாகக் கொண்டுவந்து வைத்தாள். ட்ரெவர் கையுறையைக் கழற்றாமலே சாப்பிட்டார்.

அவர் இரண்டாம் முறை பரிமாறிக்கொள்வதற்குள் கழுகு மறைந்து நூறு என்ற எண் வந்தது. கணினி அணைந்தது.

"புதுத் தண்ணி," என்றார் ட்ரெவர், மென்றபடி. "பழகணும்."

மறுபடி போட்டார்கள். மறுபடி நூறு. மறுபடி அணைந்தது.

"உங்க நிலவறைல காத்தோட்டம் தப்பு. வீடு கட்டினவன் தப்பு பண்ணியிருக்கான்."

மூன்றாம் முறை அணைந்தபோது அவர் எழுந்து, ரோலண்டின் தோளில் கையுறைக் கையை வைத்தார். சட்டையில் காளான் சூப்பின் தடம் விழுந்தது.

"ப்ரோ, மனசத் தேத்திக்கோ. உன் ப்ராசசர் பொறப்பே சரியில்ல. ஒவ்வொண்ணு அப்படி அமைஞ்சிடும். வேற வாங்கு. நான் வந்து மாட்டித் தர்றேன்."

"சனிக்கிழமை ஃபைனல் ட்ரெவர்."

"விஞ்ஞானத்துக்குக் கிழமை தெரியாது."

கேசரோல் பாத்திரத்தின் ஓரத்தில் கருகியிருந்ததையும் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சீடர்கள் பின்னால் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை, ரோலண்ட் ப்ராசசரைக் கழற்றுவதற்காகத் தானே திருப்புளியைக் கையில் எடுத்தான். கூலர் 'சப்' என்ற சத்தத்தோடு பிரிந்து வந்தது. டெனிஸ் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்க பாரு. இதுல என்னமோ எழுதியிருக்கு."

"எங்க?"

"பேஸ்ட்டுக்கு அடியில."

ரோலண்ட் ஒரு காகிதக் கைக்குட்டையால் ஹால்பெர்க் சுழலைத் துடைத்தான். கீழே வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் தாள், அடித்தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆங்கிலம், சீனம், ஸ்பானிஷ், ஜெர்மன், அரபு, இன்னும் அவர்களுக்குத் தெரியாத இரண்டு மொழிகளில், சிவப்பு எழுத்தில் ஒரே விஷயம்: பொருத்துவதற்கு முன் இதை உரிக்கவும்.

ரோலண்ட் ஓரத்தைக் கிள்ளி இழுத்தான். தாள் முழுசாக வந்தது. அடியில் செம்பு, முகம் தெரிகிற மாதிரிப் பளபளத்தது.

"ஏழு பாஷைல சொல்லியிருக்கான்," என்றாள் டெனிஸ். "அவருக்கு எட்டாவது பாஷைதான் தெரியும்போல."

பட்டாணி அளவு பேஸ்ட் வைத்துத் திருகி, கணினியைப் போட்டான். எண் அறுபத்தொன்றுக்கு வந்து நின்றது. பெட்டியிடமிருந்து சத்தமே இல்லை. மேலே பூனை தண்ணீர் குடிப்பது கேட்டது.

ட்ரெவரைக் கூப்பிட்டுச் சொன்னான். மறுமுனையில் கொஞ்ச நேரம் எதையோ மெல்லும் சத்தம்.

"அது சோதனைத் தாள் ப்ரோ. நீயா கண்டுபிடிக்கிறியான்னு விட்டு வச்சேன்."

"அப்போ வேற ப்ராசசர் வாங்கச் சொன்னது?"

"அதுவும் சோதனைதான்."

ஒரு மணி நேரத்துக்குள் வட்டத்தின் பக்கத்தில் ட்ரெவரின் புது வீடியோ வந்தது: 'தொடக்கநிலையாளர்கள் செய்யும் கேவலமான பிழை'. படத்தில் இருந்தது ரோலண்டின் பெட்டி. பூச்சியையும் பெரிதாக்கிக் காட்டியிருந்தார். ரோலண்ட் அதைப் பாதியில் நிறுத்திவிட்டான். நாளை நாற்காலி அவனுடையது, அது போதும்.

சனிக்கிழமை மதியம் ஃபைனல். அவரவர் ஊரில் அவரவர் நிலவறையில், காதில் ஹெட்செட்டோடு ஐந்து பேர். அதுவரை ரோலண்டின் மைக் மூடியேதான் கிடந்தது. பெட்டியின் ஊளை தாங்காமல் கீரா போட்ட சட்டம்: பொத்தானை அழுத்து, ரெண்டு வார்த்தை சொல்லு, விடு. இன்று அவன் மைக்கை அகலத் திறந்து வைத்தான்.

"கேளுங்க. ஏதாவது சத்தம் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல," என்றாள் கீரா. குரலில் நிம்மதி. "சபாஷ் ரோலண்ட். இப்படியே திறந்து வச்சுக்கோ."

ஆட்டம் தொடங்கியது. ரோலண்ட் அருமையாக ஆடினான். அருமையாக ஆடும்போது அவன் வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்தான். வாய் நிறைய சூரியகாந்தி விதைகளை அடைத்துக்கொண்டு, பல்லால் உடைத்து, உமியை எச்சிலோடு ஒரு காகிதக் கோப்பையில் துப்பினான். மின்சிகரெட்டைக் களகளவென்று இழுத்தான். தொண்டையின் ஆழத்திலிருந்து எதையோ கிளப்பி மேலே கொண்டுவந்து, யோசித்து, திரும்ப விழுங்கினான். சோடாவைக் குடித்து, நீளமாக, இரண்டு தவணையில் ஏப்பம் விட்டான்.

"யார் வீட்ல டாய்லெட் அடைச்சிருக்கு?" என்றான் எல் பாஸோவிலிருந்து ஆடும் ஒஸ்வால்டோ.

"யார்ரா அது?" என்றான் ரோலண்டும், மென்றுகொண்டே. "அசிங்கமா இருக்கு. வலது பக்கம் ஒருத்தன் வர்றான் பாரு."

வலது பக்கம் வந்தவனை ரோலண்டே சுட்டான். அடுத்தவனையும் அவனேதான். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். தேவையான சொற்கள் மட்டும், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. ஐவர் அணி ஜெயித்தது. கணினி ஒருமுறைகூட அணையவில்லை. எண் அறுபத்துமூன்றைத் தாண்டவில்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராக அவசர அவசரமாக விடைபெற்றார்கள். கீரா மட்டும் இருந்தாள்.

"ரோலண்ட். அடுத்த தொடர்ல சித்தி பையன் விளையாடட்டும்."

"நாம ஜெயிச்சோம் கீரா."

"ஜெயிச்சோம். ஆனா என் சாண்ட்விச் அப்படியே இருக்கு. வாய்க்கிட்ட கொண்டுபோக முடியல."

"மெஷின் நின்னாத்தான் அவன் வருவான்னு சொன்ன."

"சொன்னேன். நான் தினமும் வயசான புல்டாக்குகளுக்குத் தொண்டையில சளி உறிஞ்சி எடுக்கிறேன் ரோலண்ட். அதுங்ககூட இந்த மாதிரி சத்தம் போடுறதில்ல." கொஞ்சம் தயங்கினாள். "மெஷின் பிரமாதம். மெஷினப் பத்தி எனக்கு ஒரு குறையும் இல்ல."

இணைப்பு அறுந்தது. டெனிஸ் துணிக்கூடையோடு படியில் நின்றிருந்தாள். ஆட்டம் முடிந்ததும் ரோலண்ட் ஹெட்செட்டைக் கழற்றியிருந்தான், ஸ்பீக்கர் வழியாக அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"மைக்க மூடிக்கிறேன்னு எழுதிக் கேக்கட்டுமா?" என்றான் ரோலண்ட். "பழைய மாதிரியே இருக்கலாம்ல?"

"கேட்டுப் பாரு. ஆனா கேட்டதக் காதுலேர்ந்து எடுக்க முடியாது."

"நீ இத்தன நாள் ஒண்ணுமே சொல்லலையே."

"சொன்னேன். ஃபேன் சத்தத்துல உனக்குக் கேக்கல. அவங்க குடுத்து வச்சவங்க, இன்னிக்குத்தான் கேட்டிருக்காங்க."

ரோலண்ட் பதில் யோசித்தான். யோசிக்கும்போது செய்வதைச் செய்தான்: தொண்டையைச் செருமி, கோப்பையை எடுத்து, உள்ளே துப்பினான். பெட்டி பக்கத்தில் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. டெனிஸ் மடித்த துண்டு ஒன்றைக் கூடையிலிருந்து எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போனாள்.