எந்தப் ‘ப’?

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு எழுத்து. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கோர்ன்வால் பக்கம் நான் போனதே இல்லை. லண்டன் டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில், கொத்துரொட்டி ஆறிப்போகப் பிறேமினி சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவள் மன்னார்க்காரி. கோர்ன்வாலின் பழைய மொழியான கோர்னிஷில் பாடும் லண்டன் குழுவொன்றில் முன்வரிசையில் நிற்கிறாள். ஏன் என்று நானும் கேட்டேன்.

“கடல் பாட்டெண்டா எனக்குக் காணும்,” என்றாள். பாடும்போது கண்ணை மூடினால் மண்டபத்துத் தரை வள்ளம் மாதிரி ஆடுமாம்.

2

முதல் தொடக்கம்: மூடுபனிக்குள், வெள்ளீயச் சுரங்கத்தின் அடியிலிருந்து ஒரு பாட்டு மெல்ல மேலேறி—

வேண்டாம். நான் இருக்கும் இடத்தில் பனி இல்லை, வெங்காயம் வதங்கும் மணம்தான்.

இரண்டாவது: பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் குழுத் தலைவி லோவெனாவின் அப்பா. குழுவில் கோர்னிஷ் மொழி தெரிந்தவர் அவர் மட்டுமே. பாட்டின் முடிவில் ‘உலகம்’ என்று பொருள்படும் சொல் தனியாக வரும். பிறேமினி அதைக் கைபேசியில் தமிழில் ‘பீஸ்’ என்று எழுதிக்கொண்டாள். [கோழி பீஸ் அல்ல.] ‘பஸ்’ஸில் வருகிற ப அது. அவளோ ‘பல்’லில் வருகிற ப-வால் பாடினாள். அப்படிப் பாடினால் அந்த மொழியில் அது ‘வேண்டிக்கொள்’ ஆகிவிடும். ஜெபமாலையில் அவள் தினமும் சொல்கிற சொல்! பெரிய குரல்காரி, குழு முழுக்க அவள் பின்னால் போனது. கிழவர் அதைத் திருத்தவே இல்லை.

3

கிழவர் இறந்த பிறகு, பாட்டு அழிந்துவிடக் கூடாதென்று பதிவுசெய்து கோர்ன்வாலில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். கடைசிச் சொல் பிழை என்று பதில் வந்தது.

பிறேமினி ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுப்பவள். ழகரம் பிசகினால் பிள்ளைகளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நான் விலகப்போறன். என்ர குரல் இல்லாமல் திரும்பப் பதியட்டும்.”

“ஒரு எழுத்துக்காகவே?” என்றான் கணவன் ஜெராட். “ஆருக்கு விளங்கப்போகுது?”

“எங்கட பாட்டை ஆரும் இப்பிடிப் பாடினா நீங்கள் சும்மா இருப்பியளே?”

[ஒரு இசையைக் கோர்னிஷ் ஆக்குவது மண்ணா, மொழியா, தொண்டையா என்று இங்கே ஒரு கட்டுரை இருந்தது. எனக்கே நித்திரை வந்தது. அழித்துவிட்டேன்.]

4

மறுபதிவு நாளன்று, விலகுவதாகச் சொல்லப் போனவளை லோவெனா ஒலிவாங்கியின் முன் நிறுத்தினாள்.

“ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகப் பாடியது உன்னுடைய ப-வில்தான்,” என்றாள் ஆங்கிலத்தில். “மறந்துபோய்ப் பாடினாரா, தெரிந்தே பாடினாரா, எனக்குத் தெரியாது. இன்றைக்கு நீ எப்படிப் பாடுகிறாயோ, அதுதான் கோர்ன்வாலில் இருக்கப்போகிறது.”

பிறேமினி அழுதுவிட்டாள்.

முடிவு அ: அவள் உலகத்தைப் பாடுகிறாள். கிழவர் சொல்லிக்கொடுத்த பாட்டு அப்படியே பிழைக்கிறது.

முடிவு ஆ: அவள் வேண்டிக்கொள்ளச் சொல்லிப் பாடுகிறாள். கிழவர் பாடிவிட்டுப் போன பாட்டு பிழைக்கிறது.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் கிழவரில் பாதிதான் மிஞ்சுகிறார்.

5

பாட்டு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. மற்றவர்கள் அவளுக்காக நிறுத்திவிட்டார்கள். வெளியே மழையில் வாகனங்கள் போகும் சத்தம் கடலைப் போலக் கேட்கிறது. எந்தப் ப-வுக்கும் முதலில் உதடுகள் மூடவேண்டும். அவள் மூடியிருக்கிறாள். என்னால் இதற்குமேல் ஏலாது. தமிழில் எழுதுகிறவன் இரண்டு ப-வுக்கும் ஒரே எழுத்தைத்தான் போடமுடியும்.

நீங்கள் வாய்விட்டு வாசியுங்கள்:

பீஸ்